விரல் ரேகையில் தெரியுமா பிள்ளையின் அறிவு?

(நமது சங்கக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியையான நம் குடியிருப்புவாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர், லிப்ட், பராமரிப்புக் கட்டணம் என்று பேச எவ்வளவோ இருக்கும்போது எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிய செயலாளருக்கு நன்றி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கார் பார்க்கிங்கில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஞாபகம் இருக்கும். குழந்தையின் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து, அறிவு எவ்வளவு, கற்பனைத்திறன் எவ்வளவு, எந்தப் படிப்பு சரிவரும் என்று ரிப்போர்ட் தந்தார்கள். நம்மில் சிலர் பணம் கட்டி எடுத்தோம். மறுநாள் ஒரு அம்மா என் வீட்டுக்கு வந்து, "டீச்சர், என் பிள்ளைக்குக் கணக்கே வராதாம்" என்று கண்கலங்கினார். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். பிள்ளை படிப்பது இரண்டாம் வகுப்பு.

விரல் ரேகை கருவிலேயே அமைந்துவிடுகிறது. பிறகு மாறுவதில்லை. டவுன் சின்ட்ரோம் போன்ற சில பிறவிக் குறைபாடுகளில் கைரேகை அமைப்பு வித்தியாசமாக இருக்கும் என்பது மருத்துவம் அறிந்த விஷயம். அந்த ஒரு நூலைப் பிடித்து, ரேகையைப் பார்த்தே கணக்கு வருமா, பாட்டு வருமா என்று சொல்லலாம் என நீட்டிவிட்டார்கள். இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே அறிவித்திருக்கிறது.

அப்படியானால் அறிவை அளக்கவே முடியாதா? ஓரளவு முடியும். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது.

1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே என்பவரும் சீமோன் என்ற மருத்துவரும் 30 கேள்விகள் கொண்ட முதல் சோதனையை உருவாக்கினார்கள். நோக்கம் ஒன்றுதான்: வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனிக் கவனம் வேண்டும் என்று கண்டுபிடிப்பது. பிள்ளையின் அறிவு கூடவே கூடாது என்று முத்திரை குத்துவதை பினே கடுமையாக எதிர்த்தார். கருவியை எடுத்துக்கொண்ட உலகம் அந்த எச்சரிக்கையை மறந்துவிட்டது.

ஐ.க்யூ. கணக்கு ஆரம்பத்தில் எளிமையானது. 8 வயதுப் பிள்ளை 10 வயதுப் பிள்ளைகள் செய்வதைச் செய்தால், பத்தை எட்டால் வகுத்து நூறால் பெருக்கினால் 125. இன்று வேறு விதம். அதே வயதுப் பிள்ளைகள் பலருக்கு முன்பே சோதனை வைத்து, அவர்களின் சராசரியை 100 என்று வைக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் 85க்கும் 115க்கும் இடையில்தான் வருவார்கள். ஆக, அது யாரோடு ஒப்பிட்டோம் என்பதைப் பொறுத்த எண். கிலோ, லிட்டர் போல அல்ல.

அதனால்தான் வெளிநாட்டுச் சோதனையை அப்படியே இங்கே வைக்க முடியாது. வி. வி. காமத் என்ற கல்வியாளர் பினேயின் சோதனையை மராத்தி, கன்னடப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றி, 1940இல் நூலாக வெளியிட்டார். பினே-காமத் சோதனை என்ற பெயரில் இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. 1955இல் சி. எம். பாட்டியா எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளையும் மனத்தில் வைத்து, கட்டைகளை அடுக்குவது, படத்துண்டுகளைச் சேர்ப்பது போன்ற ஐந்து சோதனைகளை உருவாக்கினார். நமது ஒட்டன்சத்திரம் சந்தையில் தராசு நிற்பதற்குள் மனக்கணக்காக விலை சொல்லும் பையனிடம் தாளைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னால் திணறலாம். அவனுக்கு அறிவில்லை என்று நீங்கள் சொல்வீர்களா?

கற்பனைத்திறனை அளப்பது இன்னும் சிக்கல். 1950இல் கில்ஃபோர்டு என்ற அமெரிக்க உளவியலாளர், ஒரே சரியான விடையைத் தேடும் சோதனையில் இது சிக்காது என்றார். நம் நாட்டில் பாகர் மெஹ்தி 1970களில் இதற்கான சோதனைகளை உருவாக்கினார். ஒரு பொருளைக் கொடுத்து, இதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்பது இதில் ஒரு வகை. இன்று இரவு வீட்டில் தேங்காய்ச் சிரட்டையை வைத்துக் கேட்டுப் பாருங்கள். கிண்ணம், உண்டியல், பூந்தொட்டி, மை டப்பா என்று ஒருவன் நான்கு சொன்னால், எண்ணிக்கை நான்கு. ஆனால் எல்லாமே எதையோ போட்டு வைப்பதுதான், வகை ஒன்றே. இன்னொருத்தி அகப்பை, தாளம், அடுப்புக்கரி என்று மூன்றே சொன்னாலும் வகை மூன்று. வேறு யாருக்கும் தோன்றாத பதிலுக்குத் தனி மதிப்பெண் உண்டு. விளையாட்டாகச் செய்யுங்கள், மதிப்பெண் போட்டு ஒப்பிடாதீர்கள்.

நம் ராமானுஜன் கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்வுகளில் தோற்றவர். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை. 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. தேர்வில் தோற்றவரெல்லாம் ராமானுஜன் என்று நான் சொல்லவில்லை. ஒரு தேர்வு எதைக் கேட்கிறதோ அதை மட்டும்தான் அளக்கும்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் ஒரு பையன் வாய்விட்டுப் படிக்கத் திணறுவான். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று அவன் அப்பாவிடமே சொன்னேன். இரண்டு வருடம் கழித்து அவன் அம்மா விடாப்பிடியாக அழைத்துப்போய் முறைப்படி சோதனை செய்தார். அறிவுத்திறன் சராசரிக்குச் சற்று மேலே. எழுத்தை வாசிப்பதில் மட்டும் குறைபாடு. பத்தாம் வகுப்பில் சொல்வதை எழுத ஒருவரும் கூடுதல் நேரமும் கிடைத்தன, தேறிவிட்டான். நல்ல சோதனை அவனுக்குக் கதவைத் திறந்தது. நான் வாயால் போட்ட மார்க் இரண்டு வருடம் அதை மூடி வைத்திருந்தது.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.

பேச்சு தாமதம், வாசிப்பதில் தொடர்ந்து தடுமாற்றம், கவனம் நிற்காமை என்று உண்மையான கவலை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். முதலில் கண்ணும் காதும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி, அடுத்து எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள். தனியாரிடம் போனால், அந்த உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சோதனைக்குப் போகும் பிள்ளை தூங்கி, சாப்பிட்டுப் போகட்டும். வீட்டில் பேசும் மொழியிலேயே கேட்கச் சொல்லுங்கள். முன்கூட்டிப் பழக்கிவிடாதீர்கள், பழக்கினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. முடிவு வந்ததும் எண்ணைக் கேட்பதோடு நிறுத்தாமல், "இனி என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத ரிப்போர்ட்டால் பயனில்லை.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எந்த ஸ்டாலுக்கும் இடம் கொடுக்கும் முன், வருபவரின் படிப்பையும் பதிவையும் வாங்கிப் பாருங்கள். வாடகை கிடைக்கிறது என்பது மட்டும் போதாது.

அந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை இப்போது மாலையில் என் வீட்டுக்கு வருகிறாள். புளியங்கொட்டை வைத்துக் கூட்டல் கழித்தல் போடுகிறோம். கணக்கு அவளுக்கு நன்றாகவே வருகிறது. கொஞ்சம் மெதுவாக வருகிறது, அவ்வளவுதான்.