தனிமையும் இதயமும்



ஞானியர் விரும்பி ஏற்கும் தனிமை வேறு. பிறர் விதித்த தனிமை வேறு. பின்னதன் கொடுமையை அண்மையில் என் பழைய மாணவன் ஒருவனிடம் கண்டேன்.

முப்பது வயதைக் கடந்த அவன் தன்பாலின ஈர்ப்புடையவன். அதனை வீட்டார் அறிந்த நாள்முதல் கொழும்பில் ஓர் அறையில் தனித்து வாழ்பவன். தனிமையை மறப்பதற்கு 'ஐஸ்' எனப்படும் மெதம்பெற்றமீனைப் பழகியிருந்தான். "சேர், நெஞ்சு நோகிறது, ஆனால், வைத்தியரிடம் எதைச் சொல்வது?" என்று கேட்டான்.

இப்பொருள் உடலில் நொரட்ரினலீனைப் பெருகச் செய்வது. அதனால் நாடி விரைகிறது. குருதி அமுக்கம் ஏறுகிறது. இதயத்தின் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. பழக்கம் நீடிப்பின் இதயத் தசை தளர்ந்து, இளவயதிலேயே இதயம் செயலிழக்கவுங் கூடும்.

தனிமையும் வாளாவிருப்பதில்லை. அதனால் விளையும் மனவழுத்தமும் உறக்கமின்மையும் இதயத்தையே தாக்குகின்றன. தனிமையோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டொன்றுக்குச் சுமார் 871,000 என உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு 2025இல் மதிப்பிட்டது. ஆகவே, ஒரு சுமையை இறக்க ஐஸை நாடியவன், அதே இதயத்தின்மீது இரண்டாவது சுமையை ஏற்றிக்கொள்கிறான்.

இவர்கள் ஒளிந்து வாழ்வது ஏன்? 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இவர்களது உறவைக் குற்றமாக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலினின்றும் நீக்கிவிட்டது. அதனைக் குற்றமற்றதாக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என நமது உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது. சட்டம் ஒருபுறமிருக்க, கதவை மூடுவோர் நாமல்லவா? அம்மாணவனை வகுப்பில் ஏனையோர் எள்ளி நகைத்ததை அன்று நான் அறிவேன். அறிந்தும் அறியாதவன்போல் இருந்தேன். அது என் பிழை.

அன்றே அவனை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன். வைத்தியரிடம் அவன் எதனையும் மறைக்கவில்லை, அவரும் கடிந்துகொள்ளவில்லை. உட்கொண்ட பொருளை அறிந்தாலன்றோ ஏற்ற மருந்தைத் தெரிய முடியும்! நேயர்களே, நெஞ்சுநோவைப் பொறுத்திருக்க வேண்டாம். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். வைத்தியரிடம் உண்மையைக் கூறுங்கள்.

இன்று அவன் சிகிச்சை பெற்று வருகிறான். விடைபெறும்போது அவன் கேட்டது ஒன்றே: "சேர், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரலாமா?"

வரலாம் என்று சொல்வதற்கு வைத்தியப் பட்டம் வேண்டியதில்லை.