உதவித்தொகையும் உழவர் குடும்பமும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உழுது உண்ணும் ஏழைக் குடும்பத்திற்குப் பணமாகவே வழங்கப்படும் உதவி என்ன பயன் தருகிறது என்பதைப் பற்றிப் பேச முற்படுகிறோம். கல்விக் கழகத்தின் விழாவில் இப்பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கல்விக்கும் இதற்கும் உள்ள உறவை இறுதியில் காண்போம்.

ஏழையின் கையில் பணம் கொடுத்தால் குடித்தே அழித்துவிடுவான் என்னும் பழியை நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். கென்யா நாட்டின் மேற்குப் பகுதியில் ஏழைக் கிராமக் குடும்பங்களுக்கு நிபந்தனை எதுவுமின்றிப் பணம் வழங்கி ஆராய்ந்தனர். 2016-இல் வெளிவந்த அவ்வாய்வு அப்பழியைப் பொய்யாக்கியது. மதுவுக்கும் புகையிலைக்கும் ஆன செலவு கூடவில்லை. உணவு பெருகியது; கால்நடைச் செல்வம் வளர்ந்தது. மாதந்தோறும் சிறுதொகை பெற்ற குடும்பங்களில் பசி குறைந்தது. மொத்தமாகப் பெற்றவர்களோ, கூரைக்குத் தகரம் வேய்வது போன்ற நிலைத்த பொருள்களில் அதனை இட்டனர். சிறுதொகை வயிற்றைக் காக்கிறது, பெருந்தொகை உடைமையை உண்டாக்குகிறது என்பதே இதன் பாடம்.

நம் நாட்டிற்கு வருவோம். 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பி.எம். கிசான் திட்டம், நிலமுடைய உழவர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வழங்குகிறது. ஐவர் கொண்ட குடும்பத்தில் இது ஆளுக்கு மாதம் 100 ரூபாய். இத்தொகை வறுமையை ஒழித்துவிடாது. ஆயினும், ஆடிப்பட்டத்து விதைப்பின்போது 2,000 ரூபாய் கையிலிருந்தால், விதைக்கும் உரத்திற்கும் வட்டிக்காரன் வாசலில் நிற்கவேண்டிய நிலை குறையும். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டியில் அத்தொகையை வாங்கினால், நான்கு மாதத்தில் வட்டி மட்டுமே 400 ரூபாய். காலத்தில் வரும் சிறு பணத்தின் மதிப்பு இதுவே. அறுவடைக்குப் பின் வந்தாலோ அது பழைய கடனுக்கே போய்ச் சேரும்.

ஆனால் இப்பணம் யாரைத் தேடிச் செல்கிறது? ஏரைத் தேடிச் செல்லவில்லை. பட்டாவைத் தேடிச் செல்கிறது. குத்தகைக்கும் வாரத்திற்கும் உழுபவனுக்கு அதில் பங்கில்லை. களையெடுக்கும் கூலிப் பெண்ணுக்கும் இல்லை. நம் மக்களுள் பெரும்பாலோர் நிற்பது இவ்வரிசையில்தானே!

நம்மிடம் நிலம் இல்லாமற்போனது விதியாலன்று. செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் 1891-இல் நம் மக்களின் நிலையை எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன்பின் 1892-இல் சென்னை அரசு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. முதற் பத்தாண்டுகள் விற்கலாகாது, பின்னரும் நம் மக்களுக்கே விற்கலாம் என்ற நிபந்தனை இருந்தும், அப்பஞ்சமி நிலங்களுட் பல பிறர் கைக்குப் போயின. இன்று அந்நிலத்தோடு உதவித்தொகையும் கைநழுவுகிறது. நிலத்தை அரசுடைமையாக்கிச் சாதி வேறுபாடின்றி உழுவோருக்குக் குத்தகைக்கு விடவேண்டும் என்று டாக்டர் அம்பேத்கர் 1947-இலேயே வலியுறுத்தியதன் பொருள் இங்கே விளங்குகிறது.

நிலமற்றவருக்கு உதவ வழியில்லை என்பாரும் உளர். ஒடிசா அரசு 2018-இல் அறிவித்த காலியா திட்டம், நிலமற்ற உழவுத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் ஆடு, கோழி வளர்ப்பு போன்ற தொழில்களுக்காக 12,500 ரூபாய் வகுத்தது. மனமிருந்தால் வழியுண்டு என்பதற்கு இதுவே சான்று.

இளைஞர்களே! உதவித்தொகை பிச்சையன்று, வாங்குவதில் நாணமும் வேண்டா. அதுவே விடுதலை என்று மயங்கவும் வேண்டா. நம் ஊர்களில் ஓர் ஏக்கர், அரை ஏக்கர் உள்ள குடும்பங்களிலும் பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே கிடப்பதுண்டு. வாரிசுச் சான்று பெறவில்லை, உட்பிரிவு செய்யவில்லை. பட்டா பெயர் மாறாததால் பணமும் வருவதில்லை. இதனை மாற்றக் கல்வி வேண்டும். படித்த ஒவ்வோர் இளைஞரும் தம் தெருவின் பட்டா, சிட்டா, அடங்கல்களைப் படித்துச் சொல்லட்டும், மனு எழுதட்டும், வட்டாட்சியர் அலுவலகத்திற்கு முதியோருடன் நடக்கட்டும். பஞ்சமி நிலம் எங்கெங்கே இருந்தது என்பதைப் பழைய பதிவேடுகளில் தேடட்டும். குத்தகையாளரையும் கூலியாளரையும் சேர்க்கக் கோரி ஊர்தோறும் குரல் எழுப்பட்டும்.

பணம் ஒரு பருவத்தைக் காக்கும். நிலம் தலைமுறையைக் காக்கும். இரண்டையும் கேட்டுப் பெறும் ஆற்றலைத் தருவது கல்வி.