உழைப்பாளியின் உடலை வரைந்த டாக்டர்



ஓவியம் என்பது பணக்காரர் வீட்டுச் சுவருக்கு அலங்காரம், நமக்கும் அதற்கும் என்ன என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் இன்று ஓர் ஓவியரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

பெயர் சுதிர் பட்வர்தன். புனேயில் 1949-ல் பிறந்தவர். மருத்துவக் கல்லூரியில் படித்து 1972-ல் டாக்டரானார். ஓவியத்துக்கென்று பள்ளி ஏறியவரல்ல, தாமே பழகிக்கொண்டார். பம்பாயை ஒட்டிய தாணேயில் 2005 வரை எக்ஸ்ரே டாக்டராக வேலை பார்த்துக்கொண்டே வரைந்தார். மனித உடம்பை உள்ளும் புறமும் பார்த்துப் பழகிய கண் அவருடையது.

இளமையிலேயே மார்க்சியம் அவரை ஈர்த்தது. உழைப்பாளியை வரைவது என்று முடிவு செய்தார். எப்படி வரைந்தார்? இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். நமது மேதினச் சுவரொட்டிகளில் தொழிலாளி எப்போதும் சம்மட்டியைத் தூக்கியே நிற்கிறான். அவனுக்குப் பசித்ததில்லை, கால் வலித்ததில்லை. பட்வர்தன் 1977-ல் தீட்டிய 'ஓடும் பெண்', 'இரானி ரெஸ்டாரண்ட்', 1980-ல் தீட்டிய 'ரயில்' ஆகியவற்றில் இருப்பவர்கள் வேறு. கனத்த உடம்பு. உழைத்து உழைத்து இறுகிய தோள். ஷிப்டு முடிந்து வருகிறவனை வீட்டார் பார்ப்பதுபோல அவர் பார்த்திருக்கிறார்.

அது மனித உருவமே இல்லாத ஓவியம் மேட்டிமையாக மதிக்கப்பட்ட காலம். 1981-ல் பூபேன் கக்கர், குலாம் முகம்மது ஷேக், ஜோகேன் சௌத்ரி, நளினி மலானி, விவான் சுந்தரம் ஆகியோருடன் சேர்ந்து ஒரு கண்காட்சியில் பங்குகொண்டார். 'மக்களுக்கு இடம்' என்ற பொருளில் அதற்குப் பெயர்.

1982 ஜனவரி 18 அன்று பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கியதை நீங்கள் அறிவீர்கள். அதன் முடிவையும் அறிவீர்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின; ஆலை நிலம் பொன் விலைக்குப் போயிற்று. 2001-ல் பட்வர்தன் 'லோயர் பரேல்' என்று ஒரு படம் தீட்டினார். அது அந்த ஆலைப் பேட்டையின் பெயர். இந்த மாற்றத்தை அவர் மறைக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடிப் போகிறவர்கள் குடியேறும் நகர்ப்புற ஓரங்களையும் அவர் விடவில்லை. 1991-ல் வரைந்த 'போக்ரான்' அப்படி ஒன்று. அணுகுண்டு வெடித்த ராஜஸ்தான் ஊர் என்று நினைத்துவிடாதீர்கள், இது தாணேயில் உள்ள ஒரு பகுதி.

"கொடி எங்கே? போராட்டம் எங்கே?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். நடுத்தர வர்க்கத்து டாக்டர் தொழிலாளியின் சார்பில் வரையலாமா என்ற கேள்வியை அவரே தம்மிடம் கேட்டுக்கொண்டவர்தான். எங்களுக்கு உள்ள குறை வேறு. இந்தப் படங்களை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் அதில் இருப்பவர்களல்ல. அவர் ஒருவரால் அதை மாற்ற முடியாது. ஆனால் 2008-ல் நவீன ஓவியங்களைத் திரட்டி மகாராஷ்டிரத்தின் மற்ற ஊர்களுக்கும் கண்காட்சியைக் கொண்டுபோக அவர் முன்நின்றார்.

அவருடைய படங்கள் சிலவற்றின் அச்சுப் பிரதிகளைப் பின்சுவரில் ஒட்டியிருக்கிறோம். தேநீர் வரும்வரை போய்ப் பாருங்கள். 'இது நம்ம ஆள் இல்லை' என்று தோன்றினால், எந்த இடத்தில் என்று விரல் வைத்துச் சொல்லுங்கள்.