ஆய்வு அறிக்கை எங்கே?



பழைய கட்டடத்தில் கூரைத் தகட்டை உடைக்கும் தொழிலாளிக்கு அன்றைக்கு ஒன்றும் நேர்வதில்லை. கொஞ்சம் தூசி, சட்டையை உதறிவிட்டுச் சாப்பிடப் போகிறார். அந்தத் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் இருந்தால் கதை வேறு. அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிவிடும். 20, 30, 40 ஆண்டுகள் கழித்தும் நுரையீரல் தழும்பேறும் நோயாகவோ புற்றுநோயாகவோ அவை தலைகாட்டலாம். அப்போது குத்தகை நிறுவனம் இருக்கிறதோ இல்லையோ, நோய் மட்டும் அவரோடு இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவர்களில் பலருக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை புதிதல்ல. "ஊரில் இதன் கீழ்தானே படுத்து உறங்கினோம்" என்று எண்ணுவது இயல்பு. தகடு முழுதாக இருக்கும்வரை ஆபத்து குறைவுதான். வெட்டும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும்தான் இழைகள் காற்றில் கலக்கின்றன. சாதாரணத் துணி முகமூடி அவற்றைத் தடுக்காது.

சிங்கப்பூரில் கட்டுமானப் பொருள்களில் கல்நார் பயன்பாடு 1989இல் தடைசெய்யப்பட்டது. ஆனால் அதற்கு முன் எழுந்த கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. எனவேதான் 2014 மே 1ஆம் தேதி கல்நாருக்கெனத் தனி வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார விதிமுறைகள் நடப்புக்கு வந்தன.

1991 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் கட்டப்பட்ட கட்டடத்தை இடிப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் முன்பே, கல்நார் உள்ளதா எனத் தகுதி பெற்றவரைக் கொண்டு ஆய்வு செய்ய வேண்டும். இருந்தால், அங்கீகாரம் பெற்ற குத்தகையாளர்தான் அகற்ற வேண்டும். வேலை தொடங்கக் குறைந்தது 7 நாள்களுக்கு முன் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் உரிய சுவாசக் கருவியும் தர வேண்டும். வேலையிடத்தைத் தடுத்து மறைத்து, தகடுகளை நனைத்து, உடையாமல் கழற்ற வேண்டும். கழிவை உறையிலிட்டு மூடி, எச்சரிக்கை ஒட்டி, உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். தூசி படிந்த உடை தங்கும் விடுதிக்குப் போகக்கூடாது. அறைத் தோழர்களும் அதே தூசியைத்தான் சுவாசிப்பார்கள்.

இவற்றில் எந்தச் செலவும் தொழிலாளியின் தலையில் விழுவதல்ல. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தைக் கண்டறியும் கடமை, கட்டடத்துக்கும் வேலைக்கும் பொறுப்பானவர்களுடையது. தொழிலாளி செய்ய வேண்டியது, சுத்தியலை எடுக்குமுன் ஒன்றைக் கேட்பதுதான்: "ஆய்வு அறிக்கை எங்கே?"

வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் அந்தக் கேள்வியை விழுங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக மேற்பார்வையாளர் முந்திக்கொண்டு அறிக்கையைக் காட்டட்டும். ஊரில் காத்திருக்கும் குடும்பத்துக்கு மாதந்தோறும் பணம் போனால் மட்டும் போதாது. ஆளும் நல்ல மூச்சோடு திரும்ப வேண்டும்.