பறைக்குள் இருக்கும் பொறியியல்



இந்த நினைவுப் பேருரையில் இலக்கியம் பேசுவது வழக்கம். இன்று நாம் பொறியியல் பேசுவோம். அதுவும் நம் பிள்ளைகளிடமிருந்து தள்ளி வைக்கப்பட்ட எழுத்துதான்.

கள்ளக்குறிச்சி என்றதும் வெளியூரார்க்கு 2024 ஜூன் மாதக் கருணாபுரம் நினைவுக்கு வருகிறது. விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்தத் தெருக்களின் பிள்ளைகளுக்கும், கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் பொறியியல் எட்டாக்கனி என்கிறார்கள். அது நம் வாசலில் தொங்குகிறது என்கிறோம் நாம்.

பறையை ஏன் தீயில் காட்டுகிறோம்? தோலின் ஈரம் வற்றுகிறது, இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறுகிறது. இழுவிசை 4 மடங்கானால் அதிர்வெண் 2 மடங்காகும். பாடநூல் சூத்திரமாகச் சொல்வதை நம் பாட்டன் காதாலேயே அளந்தான். மிருதங்கத்தில் இசைவான மேற்சுரங்கள் பிறப்பதை 1920-இல் சி.வி. ராமன் எழுதினார். அதற்குக் காரணமான கரணையை இட்ட கைகளில் பெரும்பாலானவை தலித் கைகள். அந்தக் கைகளைப் பற்றி டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' வந்தது 2020-இல். நடுவே 100 ஆண்டுகள்!

இனி கணினிக்கு வருவோம். ஒரு பறையடியைக் கைபேசியில் பதிவு செய்தால், அது நொடிக்கு 44,100 எண்களாக மாறலாம். ஏன் அத்தனை? மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் பதிய இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாதா?

இதற்கான கருவிகளும் இலவசம். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் உருவாக்கிய 'இயர்ஸ்கெட்ச்', பைத்தான் நிரலால் இசை கோக்க வைக்கிறது. ஆனால் அதற்கு இணையம் வேண்டும். மலைக்கு ஏற்றது, கேம்பிரிட்ஜில் சாம் ஆரன் உருவாக்கிய 'சோனிக் பை'. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். அடிக்குச்சிக்கு ஒரு வரி, சுண்டுக்குச்சிக்கு ஒரு வரி, இடையே அரை நொடி, கால் நொடி ஓய்வு. பின்னக்கணக்கும் சுழற்சி நிரலும் தாளத்திலேயே வந்துவிடும். தப்பாக எழுதினால் காது உடனே சொல்லும், பிரம்பு தேவையில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வகுப்பில் பறையைச் சேரிப் பிள்ளையின் கையில் மட்டும் கொடுத்தால், ஊர் சுமத்திய இழிதொழிலைப் பள்ளியும் சுமத்துகிறது என்றே பொருள். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று குச்சியைக் கீழே போட்டவர்களின் போராட்டம் வீணாகிவிடும். எனவே எல்லாப் பிள்ளைகளும் அடிக்க வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் நிரல் எழுத வேண்டும். வேண்டாம் என்னும் பிள்ளைக்கு மறுக்கும் உரிமையும் வேண்டும். பதிவான ஒலியின் பக்கத்தில் அடித்தவர் பெயர், தோல் கட்டியவர் பெயர் இரண்டும் இருக்க வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. பறைக் கலைஞரை மதிப்பூதியத்தோடு அங்கே ஆசிரியராக அழைக்கச் சொல்லிக் கேட்போம். விழாவில் பொன்னாடை போர்த்துவதற்காக அல்ல, கரும்பலகை முன் நிற்பதற்காக.

கற்பி என்றார் அண்ணல். கற்பிக்க நம்மிடம் இருப்பதை முதலில் நாம் அறிவென்று அழைப்போம்.

ஜெய்பீம்.