காருக்கு வீட்டிலேயே லேக்கர் அடிக்கலாமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

கீழே பார்க்கிங்கில் நான் அடித்த கூத்தைப் பற்றியே பேசச் சொல்லிவிட்டார் செயலாளர். சிரிக்காமல் கேளுங்கள்.

என் காருக்கு 11 வயது. வெயிலில் நின்று நின்று பானெட்டும் பின்பக்க மட்கார்டும் தேமல் விழுந்தது போல உரிய ஆரம்பித்தன. உரிவது நிறம் அல்ல, அதற்கு மேலிருக்கும் கிளியர் கோட். பட்டறையில் லேக்கர் என்பார்கள். 40, 50 மைக்ரான் கனம்தான், தலைமுடியைவிட மெல்லிசு. ஆனால் வெயிலைத் தாங்குவது அதுதான். அது போனால் நிறம், அப்புறம் பிரைமர், கடைசியில் தகட்டில் துரு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி இருக்கிற ஊர் இது. உலோக அரிப்பைப் பற்றி ஆராய்கிற ஊரில் துருப்பிடித்த காரை ஓட்டினால் நன்றாகவா இருக்கும்?

பொங்கல் லீவில் ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்கி நானே அடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. மே மாதம் பெட்ரோல் போடும்போது மட்கார்டில் கொஞ்சம் சிந்தியது. துடைத்தேன், லேக்கர் துணியோடு வந்துவிட்டது.

எதிர்வீட்டு ஆச்சி பார்த்துவிட்டு, "எங்க வீட்டுச் சுவத்துக்கு முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் பூசி எங்க அப்பச்சி காலத்துலருந்து மின்னுது. உன் காரு நாலு மாசம் தாங்கலையேப்பா" என்றார்கள். கேலிதான், ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது. சுண்ணாம்பு வெறுமனே காய்வதில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கல்லாக மாறுகிறது. நான் வாங்கியது 'ஒன் கே' வகை. அதில் தின்னர் ஆவியாகிப் போகிறது, அவ்வளவுதான். பெட்ரோலோ தின்னரோ பட்டால் திரும்பவும் கரையும். 'டூ கே' என்பதில் லேக்கரோடு ஹார்டனர் கலக்க வேண்டும், இரண்டுக்கு ஒன்று அல்லது நாலுக்கு ஒன்று என்று டப்பாவில் போட்டிருக்கும். இரண்டும் வினைபுரிந்து இறுகுவதால் பெட்ரோலுக்கு அசையாது. ஆகவே வெளிப்புறத் தகட்டுக்கு டூ கே மட்டும்தான். ஹார்டனரும் தின்னரும் அதே கம்பெனியுடையதாக, நம் வெயிலுக்கு மெதுவாகக் காயும் ரகமாகக் கேளுங்கள். மழை ஈரத்தில் அடிக்காதீர்கள். ஹார்டனர் தண்ணீரோடு வினைபுரிந்து குமிழ் விடும். உரிந்த இடத்துக்கு மேலேயே அடிப்பதும் வீண். அந்தப் பேனல் முழுவதையும் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தாக வேண்டும். நகத்தில் தட்டுப்படாத கீறல் என்றால் லேக்கரே வேண்டாம், ரப்பிங் கம்பவுண்டு போதும்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு, அடியில் பொத்தானை அழுத்தினால் ஹார்டனர் கலக்கிற டூ கே டப்பா ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, நம் அடித்தளப் பார்க்கிங்கில், முகத்தில் ஒரு துணி மாஸ்க்கோடு அடித்தேன். பக்கத்துக் கார் முழுக்க உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. அது போகட்டும். மூன்றாம் மாடிப் பையன் அங்கே சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏற்கெனவே வீசிங். அன்று இரவு இருமல் கூடி நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. என் ஸ்ப்ரேதான் காரணமா என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். 1984-இல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டுக்கு உறவுக்காரன். அதே விஷம் அல்ல, பயமுறுத்தவில்லை. ஆனால் நுரையீரலுக்கு ஆகாது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சிரைக்கும். வாசனையை வைத்து அளவைக் கண்டுபிடிக்கவும் முடியாது. துணி மாஸ்க், என்95 எல்லாம் அந்த ஆவியைத் தடுக்காது; வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் மாஸ்க் வேண்டும். நம்மில் யார் வீட்டில் இருக்கிறது? போதாததற்குத் தின்னர் ஆவி காற்றைவிடக் கனம். அடித்தளத்தில் தரையோடு தங்கும், ஒரு சுவிட்ச் பொறி போதும் தீப்பிடிக்க. பார்க்கிங்கில் ஸ்ப்ரே பெயின்ட் கூடாது என்ற தீர்மானத்தை முன்மொழியும் தகுதி எனக்குத்தான் உண்டு என்று நினைக்கிறேன்.

மட்கார்டு கடைசியில் எப்படி முடிந்தது என்றால், தேய்ப்பது, பேப்பர் ஒட்டி மறைப்பது எல்லாம் நானே வெளியில் வைத்துச் செய்தேன். லேக்கர் மட்டும் பெயின்ட் பூத் உள்ள பட்டறையில் அடித்துத் தந்தார்கள். பாதிக் கூலி மிச்சம். அந்த மிச்சம் பக்கத்துக் காரைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சரியாகப் போயிற்று. பானெட் இன்னும் பாக்கி.

மூன்றாம் மாடிப் பையன் இப்போதெல்லாம், "அங்கிள், இன்னைக்குப் பெயின்ட் இருக்கா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் சைக்கிளை எடுக்கிறான்.