புனலும் ஊசலும்: விளையாட்டுப் பூங்காவும் தமிழ் மரபும்



உவகை என்னும் மெய்ப்பாடு எவ்வெவற்றில் பிறக்கும் என வரையறுக்கப் புகுந்த தொல்காப்பியர், செல்வம், அறிவு, புணர்ச்சி ஆகிய மூன்றோடு விளையாட்டையும் சேர்த்து நிலைக்களன்கள் நான்கு என்றார். கணவனும் மனைவியும் ஊரெல்லை கடந்து சென்று ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி மகிழ்தல் உரியது என்று கற்பியலில் இசைவும் அளித்தார். இலக்கணமே ஒப்புக்கொண்ட இன்பம் இது. ஆயினும், விளையாட்டுப் பூங்கா என்ற அளவில், ‘அது சிறுவர்க்கு உரியது, கவிதைக்குப் புறம்பானது’ என ஒதுக்கும் வழக்கம் கற்றோரிடையே உண்டு. அவ்வழக்கம் பொருந்துமா என்று பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

கொங்கு நாட்டார்க்கு இத்தகைய பூங்கா புதியதன்று. மேட்டுப்பாளையத்தை அடுத்து, உதகைச் சாலையில், நீலகிரி மலையடிவாரத்தில் பிளாக் தண்டர் எழுந்தது. சிறுவாணிச் சாலையில் கோவைக் கொண்டாட்டம் எழுந்தது. சூலூரிலிருந்து பள்ளிப் பிள்ளைகளும் குடும்பத்தாரும் விடுமுறை நாளில் கட்டுச்சோற்றுடன் புறப்பட்டுச் செல்வது பழகிய காட்சி. அங்கே அவர்கள் விரும்பிச் செய்வன பலவாயினும் மூன்றாகத் தொகுக்கலாம்: புனலாடுதல், உயரத்திலிருந்து பாய்தல், ஊசலிலும் இராட்டினத்திலும் ஏறுதல்.

முதலாவது புனலாடல். பூங்காவில் மக்கள் மிகுதியும் கூடுமிடம் அலைக்குளம். ஆழமான பக்கத்துச் சுவரையொட்டிய பொறிகள் விசையுடன் நீரைத் தள்ள, கடற்கரைபோல் சரிந்துயரும் தரையில் அலை வந்து உடைகிறது. அலை வரும் நேரம் அறிவிக்கப்பட்டதும் எழும் ஆரவாரத்தைக் கேட்டோர்க்குப் பரிபாடலின் வையைப் பாடல்கள் நினைவுக்கு வரும். புதுவெள்ளம் வந்தது என்ற செய்தி பரவிய அளவில் மதுரை மாந்தர் யானையிலும் குதிரையிலும் விரைந்தனர். ஒருவர்மேல் ஒருவர் வண்ணநீர் வீசினர். பொன்னாற் செய்த நண்டையும் இறாலையும் ஆற்றிலிட்டு வழிபட்டனர். அங்கே மகளிர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர் அல்லர். நீருள் இறங்கி ஆடியவர்.

பிற்காலத்துக் குடும்பப் பெண்ணுக்கு வாய்த்த இடமோ கரையே. ஆடவரும் பிள்ளைகளும் ஆட, மாற்றுடைகளையும் தூக்குப் பாத்திரத்தையும் காத்திருந்தாள் அவள். இன்றும் அலைக்குளத்தின் ஓரத்தில் அவ்வாறு அமர்ந்திருப்போர் உளர். ஆனால், மகள் கைப்பற்றி இழுக்க, முழங்கால் நீரில் தயங்கி நின்ற நாற்பது வயதுப் பெண்ணொருத்தி, முதல் அலை மார்பில் மோதியதும் வாய்விட்டுச் சிரிக்கும் காட்சியும் அங்கே உண்டு. ‘பொது இடத்தில் பெண் உரக்கச் சிரிக்கலாகாது’ என்று அவளுக்குக் கற்பித்த ஊர் அந்நேரம் அவளுக்கு மறந்துபோகிறது. நுழைவுக் கட்டணம் கொடுத்துப் பெற்ற விடுதலைதான்; எனினும் விடுதலை.

இரண்டாவது பாய்தல். உயர்ந்த சறுக்கின் உச்சியில் அமர்ந்தவனுக்கு அச்சமும் ஆசையும் ஒருங்கே தோன்றுகின்றன. புறநானூற்றின் 243ஆம் பாடலில், பூண்கட்டிய கோலை ஊன்றி, இருமலுக்கு இடையே சில சொற்களே பேசவல்ல முதியவர் ஒருவர் தம் இளமையை நினைக்கிறார். நீரின்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையிலேறி, கரையிலிருந்தோர் வியக்க மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிவந்த நாள் அது. தொடித்தலை விழுத்தண்டினார் என்று அக்கோலே அவருக்குப் பெயரும் தந்தது. வாழ்நாள் முழுவதிலும் அவர் ஏங்கியது செல்வத்துக்கன்று. அந்த ஒரு குதிப்புக்கு. சுரைப்புருடையை இடுப்பிற் கட்டி நீந்தப் பழகி, தோட்டத்துக் கிணற்றின் மேட்டிலிருந்து குதித்த கொங்கு முதியவர்க்கு இப்பாட்டுக்கு உரை வேண்டுவதில்லை. சறுக்கில் இறங்கிய சிறுவன் ஓடிவந்து மீண்டும் வரிசையில் நிற்பதும் அதே ஏக்கத்தின் தொடக்கமாகலாம்.

மூன்றாவது ஊசல். கொங்கு நாட்டில் ஊஞ்சலுக்குத் தூரி என்று பெயர். ஆடிப் பதினெட்டில் புளியமரத்திலும் வேப்பமரத்திலும் தூரி கட்டி ஆடுவதனால் அந்நாள் தூரி நோம்பி எனவும் வழங்கும். திருவிழாத் திடலில் சுழலும் இராட்டினமும் இங்கே இராட்டினத் தூரிதான். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பெர்ரிஸ் என்னும் பொறியாளர் 264 அடி உயரத்தில் 36 பெட்டிகள் கொண்ட சக்கரத்தை நிறுத்தினார். நாட்டுப்புறத் தூரிக்கும் அப்பெருஞ்சக்கரத்துக்கும் அளவில்தான் வேறுபாடு. வயிற்றில் எழும் கூச்சம் ஒன்றே.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறுத்தற்கில்லை. கலித்தொகையின் 37ஆம் பாடலில், பேசாது நாள்தோறும் வந்து நின்ற ஒருவனை நோக்கித் தலைவி, தன் ஊசலைச் சிறிது ஆட்டிவிடுமாறு கேட்கிறாள். அவன் ஆட்ட, கைநழுவியவள்போல் அவன் மார்பில் விழுகிறாள். ஆட்டிவிட ஒருவர் இருந்ததனால்தான் அங்கே கதை பிறந்தது. பூங்காவில் ஆட்டிவிடுவது மின்விசை. அங்கே கவிதை தேடுவோர் பொறியைப் பார்த்துப் பயனில்லை. பெட்டி கீழிறங்கும்போது பக்கத்தில் இருப்பவர் கையைத் தேடும் கையைப் பார்க்க வேண்டும்.

இனி, மகிழ்ச்சியோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய துயரம் ஒன்று உண்டு. பூங்காவை நாடிச் செல்வோர் விட்டுவிட்டு வருவது எதனை? வெள்ளியங்கிரி மலையில் தெளிந்து பிறக்கும் நொய்யல், கோவை நகரின் கழிவுநீரைச் சுமந்தே சூலூரை அடைகிறது. திருப்பூரில் சாயக்கழிவு கலந்து அதன் நிறம் மாறியது. 2011இல் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டிய நிலை வந்தது. பரிபாடலின் வையையும் நிறம் மாறியதுண்டு. ஆடியோர் சூடிய பூவும் பூசிய சாந்தும் கரைந்து மாறியது அது. அந்நீரின் தூய்மையை ஐயுற்று அந்தணர் தயங்கினர் என்று அப்பாடலே கூறுகிறது. இரண்டு நிறமாற்றங்களுக்கும் இடைப்பட்ட தொலைவே ஆற்றை இழந்த கதை. மேட்டுப்பாளையத்தில் பவானி ஓடுகிறது. பில்லூர் அணை திறக்கும் நாளில் அதில் இறங்குவது உயிருக்கு இடர். எனவே, காவலர் நிற்கும் அலைக்குளத்தைப் பெற்றோர் நாடுவதைக் குறைகூற இயலாது. கட்டணம் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு எந்த நீர் எஞ்சியிருக்கிறது என்பதே கேட்கத்தக்க வினா.

மதுரை மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் குமரகுருபரர் தெய்வத்தையே நீராடவும் ஊசலாடவும் அழைத்தார். விளையாட்டைச் சிறுமை என்று கருதாத மரபு இது. கவிஞர் பெருமக்கள் அடுத்தமுறை பிள்ளைகளோடு பூங்காவுக்குச் செல்லும்போது நிழலில் அமர்ந்து பைகளைக் காத்திராமல் நீரில் இறங்குக. சிரிக்கும் பெண்ணையும் வரிசையில் நிற்கும் சிறுவனையும் வாயிலுக்கு வெளியே நிற்கும் பிள்ளையையும் பாடுக. திரும்பும் வழியில் நொய்யற் பாலத்தில் சற்றே நின்று, அவ்வாற்றையும் பாடுக.